பாய்மரக் கப்பலின் பித்தளை விளக்கு

சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் ஏற்றப்பட்டது. இன்று கோட்டை அருங்காட்சியகம் அமைந்துள்ள கட்டடம் அதுவே. எரிந்தது நம் தேங்காய் எண்ணெய்தான்! அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. பாய்மரக் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மக்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலை தாண்டி வரவேண்டும். கரையின் விளக்கு கோட்டையில் எரிந்தது. கப்பல் தனக்கென வைத்திருந்த விளக்குகளைப் பற்றி இங்குக் காண்போம்.

மலிவான இரும்பை விட்டு அவற்றைப் பித்தளையில் செய்தது ஏன்? உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் திசைகாட்டிக்கு ஒளி தரும் விளக்குக்கு வேறொரு காரணம் உண்டு. இரவு முழுவதும் அது காந்த ஊசியின் அருகிலேயே இருக்கும். இரும்பாயின் ஊசியைத் தன் பக்கம் இழுத்துவிடும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை அவ்வாறு செய்யாது. ஊசி 5 பாகை விலகினால் என்ன ஆகும்? மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் 12 மணி நேரம் ஓடும் கப்பல் 60 கடல் மைல் கடக்கும். கணக்கிட்டுப் பாருங்கள், விடியும்போது அது தன் வழியிலிருந்து ஏறத்தாழ 5 கடல் மைல் தள்ளி நிற்கும். அங்கே பாறை இருந்தால் கப்பல் தப்பாது.

கப்பல் உருளும்போது எண்ணெய் சிந்தாமல் இருக்க, அறை விளக்குகளை இரட்டை வளையத்தில் தொங்கவிட்டனர். ஒரு வளையத்தின் அச்சு மற்றதன் அச்சுக்குச் செங்குத்து. விளக்கின் அடிப்பாகம் கனமானது. ஆகவே ஈர்ப்பு மையம் அச்சுகளுக்குக் கீழே அமையும். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் விளக்கு நிமிர்ந்தே நிற்கும்.

இனி, நிற விளக்குகள். பிரிட்டனில் 1848-இல் நீராவிக் கப்பல்களுக்கும், 1858-இல் பாய்மரக் கப்பல்களுக்கும் இவை கட்டாயமாயின. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர்முன் திசையிலிருந்து தன் பக்கமாக 112.5 பாகை வரை மட்டுமே தெரியும். இருட்டில் உங்களுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்தால், அக்கப்பல் உங்கள் பார்வையில் வலமிருந்து இடமாகச் செல்கிறது. இரண்டும் ஒருங்கே தெரிந்தாலோ, அது உங்களை நோக்கியே வருகிறது!

பச்சைக் கண்ணாடியில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய்ச் சுடரின் நிறமாலையில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. எனவே கண்ணாடியைச் சற்று நீலம் கலந்த பச்சையாக வார்த்தனர். மஞ்சள் சுடர் அதனூடே வரும்போது பச்சையாகத் தெரியும். அத்தகைய விளக்கில் இன்றைய வெண்ணிற எல்.இ.டி.யைப் பொருத்தினால் ஒளி நீலம் தட்டும்.

பழம்பொருள் கடையில் இத்தகைய விளக்கைக் கண்டால் ஒரு சிறு காந்தத்தை அதன் உடலில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. ஒட்டாததெல்லாம் பழையது என்றும் எண்ணிவிடாதீர்கள். புதிய பித்தளையும் ஒட்டாது.

எண்ணெய் போய் மின்சாரம் வந்தும் அந்த இரு நிறங்கள் மாறவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவாகும் கார்கள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களிலிருந்து கப்பலேறுகின்றன. அக்கப்பல்களின் இடப்புறத்தில் இன்றும் எரிவது சிவப்பு, வலப்புறத்தில் பச்சை, கோணமும் அதே 112.5 பாகை.