சார் சீட்டில் இல்லை... ஆனால் வேலை நடக்கிறது!

"சார் சீட்ல இல்லீங்க!"

நம் ஊர் அரசு அலுவலகங்களில் அதிகம் பேசப்படும் வசனத்துக்குப் பரிசு தருவதானால், நான் இதற்குத்தான் தருவேன். மூக்குக்கண்ணாடி மேஜை மேல் இருக்கும், ஃபேன் சுற்றும், ஆள் மட்டும் இருக்க மாட்டார்!

அமெரிக்காவில் ஓர் அரசு இலாகாவில் பல வருஷங்களாக ஆயிரக்கணக்கானவர்கள் சீட்டில் இல்லை. அதுவும் மேலதிகாரியின் சம்மதத்தோடு! வேலை பாட்டுக்கு நடந்தது. வாஷிங்டன் பக்கத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் இருக்கும் பேட்டன்ட் - டிரேட்மார்க் ஆபீஸைத்தான் சொல்கிறேன்.

இந்த யோசனையின் மூலவர் ஜாக் நில்லஸ். நாசாவுக்காக வேலை பார்த்த இன்ஜினீயர். 1973-லேயே இதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார். மனுஷனை வேலையிடத்துக்குத் தினமும் அனுப்பி டிராஃபிக்கில் வேகவைப்பானேன், வேலையை மனுஷனிடம் அனுப்பினால் போச்சு! அவ்வளவுதான் தத்துவம்.

பேட்டன்ட் ஆபீஸ் 1997-ல் இதை ஆரம்பித்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் 18 டிரேட்மார்க் வக்கீல்கள் மட்டுமே. 2006-ல் பேட்டன்ட் பரிசோதகர்களுக்கும் வந்தது. அவர்கள் ஆபீஸில் சொந்த மேஜையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். வருகிற அன்றைக்கு மட்டும் ஓர் இடத்தை ரிசர்வ் செய்துகொள்ளலாம். இதற்கு 'ஹோட்டலிங்' என்று பெயர். (இட்லி வடை சமாச்சாரம் இல்லை!) ஆள் கூடக் கூடக் கட்டடமும் கூட வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று.

2012-ல் இன்னும் ஒரு படி மேலே போய், 'நாட்டின் எந்த மூலையில் வேண்டுமானாலும் குடியிருங்கள்' என்றார்கள். அப்போது ஹார்வர்டில் இருந்த பிரித்விராஜ் சவுத்ரியும் இரண்டு சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள், எங்கிருந்தும் செய்யலாம் என்றானதும் 4.4 சதவிகிதம் அதிகம் உழைத்துத் தள்ளியிருக்கிறார்கள். 2021-ல் வெளியான ஆய்வு இது.

'வீட்டில் இருந்தால் தூங்கிட மாட்டானா சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இங்கேதான் சூட்சுமம். பேட்டன்ட் பரிசோதகருக்கு இரண்டு வாரத்துக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. முடித்தாரா, இல்லையா? இதுதான் கேள்வி. எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தடவை டீக்குப் போனார் என்பதில்லை.

அப்படியும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. 2014-ல், சில பரிசோதகர்கள் செய்யாத நேரத்துக்குக் கணக்கு எழுதிவிட்டதாகப் புகார் கிளம்பிச் சந்தி சிரித்தது. மேற்பார்வை தூங்கினால் ஊழியரும் தூங்குவார். அது ஆபீஸானால் என்ன, வீடானால் என்ன?

இதனால் அரசாங்கத்துக்கு என்ன லாபம்? 2010 பிப்ரவரியைப் பாருங்கள். பனிப்புயலில் வாஷிங்டனின் மத்திய அரசு அலுவலகங்கள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. ஒரு நாள் நஷ்டம் 10 கோடி டாலர் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். வீட்டிலிருந்தே பலர் வேலை பார்த்ததைக் கழித்தபிறகு அது சுமார் 7 கோடியாக இறங்கியது. அதே வருஷம் டிசம்பரில் இதற்கென்று சட்டமே வந்தது. வீட்டில் வேலை செய்பவர் மேலதிகாரியோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பிரமோஷனில் அவருக்கு ஓரவஞ்சனை கூடாது. வருஷத்தில் 5 நாளுக்கு மேல் சொல்லாமல் மட்டம் போட்டுத் தண்டனை பெற்றவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சபாஷ்!

ஆனால் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப், 'எல்லோரும் முழுநேரமும் ஆபீஸுக்கு வாருங்கள்' என்று உத்தரவு போட்டார். தேவையான விதிவிலக்குகளை இலாகாத் தலைவர்கள் தரலாம் என்று ஒரு வரியும் சேர்த்தார். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை குடும்பங்கள் காத்திருந்திருக்கும்! வீடு மாற்றி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வயதான பெற்றோர் பக்கத்தில் குடிபோனவர்களும் இருந்திருப்பார்களே?

நம் நாட்டிலும் 2020 மே மாதத்தில், கொரோனா சமயத்தில், மத்திய அரசின் பணியாளர் அமைச்சகம் ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டது. வருஷத்துக்கு 15 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்பது அதில் ஒரு யோசனை.

எல்லோருக்கும் இது பொருந்தாதுதான். கண்டக்டர் வீட்டிலிருந்து டிக்கெட் கிழிக்க முடியாது. நர்ஸ் போனில் ஊசி போட முடியாது. கவுன்ட்டரில் மனு வாங்கும் ஆள் எதிரில் இருந்தே ஆக வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் பழக வேண்டும்.

ஆனால் ஃபைலைப் படித்து முடிவெழுதுகிற வேலைக்கு? என் கட்சி இதுதான்: வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. ஒருவர் ஒரு மாதத்தில் எத்தனை ஃபைல் முடித்தார் என்று முதலில் எண்ணத் தொடங்குங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால், அவர் ஆண்டிப்பட்டியில் உட்கார்ந்து முடித்தால் என்ன, அமைந்தகரையில் முடித்தால் என்ன?

மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு வேண்டியது சார் இல்லை... சாருடைய கையெழுத்து!