‘தோத்தா பரவாயில்லை, டீமை ஒழுங்கா எடுங்கப்பா!’ - தாம்பரம் ரயிலில் ஒரு மஞ்சள் புலம்பல்

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை இரவு. சேப்பாக்கத்தில் மேட்ச் முடிந்து, பறக்கும் ரயிலில் பார்க் டவுன் வந்து, பூங்கா ரயில் நிலையத்துக்கு நடந்து தாம்பரம் வண்டி பிடிப்பது புறநகர் ரசிகர்களின் வழக்கமான ரூட். ஜெயித்த நாளில் குரோம்பேட்டை தாண்டியும் விசில் கேட்கும். அன்று மஞ்சள் ஜெர்சிகளுக்கு அந்த மனநிலை இல்லை. சொந்த மண்ணில் பெங்களூருவிடம் 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஆர்.சி.பி ஜெயித்தது அன்றுதான்.

தோற்றதைவிட இன்னொரு விஷயம்தான் அதிகம் உறுத்தியது. 197 ரன் இலக்கைத் துரத்தும்போது தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக. அவருக்கு முன்னால் அஸ்வின் வந்துவிட்டார். தோனி 16 பந்தில் 30 ரன் அடித்தார்; அதற்குள் ஆட்டம் கையைவிட்டுப் போயிருந்தது.

“கடைசி ஓவர்ல அடிக்கிற சிக்ஸரை முன்னாடியே வந்து அடிச்சா என்ன?”

அடுத்த சில நாள்களுக்குக் கிழக்குத் தாம்பரமோ பெருங்களத்தூரோ, டீக்கடைக்கு டீக்கடை இதே கேள்வி. பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கிடமிருந்து விளக்கமும் வந்தது. தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் அவரால் ஆட முடியாது என்றார். அதைக் கேட்டதும் ரசிகர் மனதில் எழுந்த அடுத்த கேள்வியை மட்டும் யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. “அப்போ டீம்ல எதுக்கு?”

கணக்கு எங்கே இடித்தது?

அந்த சீசனில் 14 மேட்ச், 4 வெற்றி, 10 தோல்வி. சி.எஸ்.கே வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். மும்பையை வென்ற முதல் மேட்ச்சோடு சேப்பாக்கத்து மகிழ்ச்சி முடிந்தது. பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என ஐந்து பேரிடம் வரிசையாக சொந்த மைதானத்தில் அடி. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன்தான்.

கோளாறு மைதானத்தில் தொடங்கவில்லை, ஏல மேஜையிலேயே தொடங்கிவிட்டது என்பது ரசிகரின் குற்றச்சாட்டு. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய். ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18 கோடி, பதிரனா 13 கோடி, துபே 12 கோடி, தோனி 4 கோடி என ஐந்து பேரைத் தக்கவைத்ததிலேயே 65 கோடி போய்விட்டது. மிச்சம் 55. அதில் நூர் அகமதுக்கு 10 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி. ஜடேஜாவையும் சேர்த்தால் சுழலுக்கு மட்டும் 37.75 கோடி! நூர் 24 விக்கெட் எடுத்து காசுக்கு நியாயம் செய்தார். ஆனால், சேப்பாக்கம் பிட்ச் நம்ம பேச்சைக் கேட்கவில்லை. சொந்த மைதானத்தின் சாதகம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஃபிளெமிங்கே ஒப்புக்கொண்டார்.

பேட்டிங்குக்கு என்ன செய்தார்கள்? 3.40 கோடிக்கு ராகுல் திரிபாதி, 1.70 கோடிக்கு தீபக் ஹூடா, 1.20 கோடிக்கு விஜய் சங்கர். தெரிந்த பெயர்கள்தான். மூவராலும் அணியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அதே ஏலத்தில் ராஜஸ்தான் 1.10 கோடி கொடுத்து 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை எடுத்தது. அவர் 35 பந்தில் சதம் அடித்தார். பஞ்சாப் 3.80 கோடிக்கு எடுத்த பிரியன்ஷ் ஆர்யா, சி.எஸ்.கே பௌலிங்கையே பிரித்து மேய்ந்து 39 பந்தில் சதம் போட்டார்.

நம்ம பையன்கள் எங்கே?

தென்சென்னைப் புறநகரில் ஞாயிற்றுக்கிழமை காலை காலி மனை ஒன்று விடாமல் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். அந்தப் பையன்களின் அப்பாக்களுக்குத்தான் அடுத்த வருத்தம் அதிகம்.

2011 இறுதிப்போட்டி அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. சேப்பாக்கத்தில் முரளி விஜய் 95 ரன். முதல் ஓவரிலேயே கெயிலை டக் அவுட்டாக்கினார் அஸ்வின். மிடில் ஆர்டரில் பத்ரிநாத். கோப்பையைத் தூக்கிய அணியில் பக்கத்துத் தெருப் பையன்கள் இருந்தார்கள்.

இன்று? 2025-ல் 759 ரன் குவித்து ஆரஞ்சு தொப்பி வாங்கிய சென்னைப் பையன் சாய் சுதர்சன் ஆடுவது குஜராத்துக்கு. 2022-ல் அவர்கள் கொடுத்தது வெறும் 20 லட்சம். அதே குஜராத்துக்காக 2025-ல் 19 விக்கெட் எடுத்த சாய் கிஷோர், 2020, 2021 இரண்டு சீசனும் சி.எஸ்.கே பெஞ்சில்தான் இருந்தார். ஒரு மேட்ச்கூட ஆட வைக்கவில்லை. வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். 2023 இறுதிப்போட்டியில் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தபோது, ‘நம்ம பையன்’ என்று கைதட்டுவதா, ‘சீக்கிரம் அவுட்டாகுப்பா’ என்று வேண்டுவதா என்று தவித்தவர்கள் இங்கே ஏராளம்.

சத்தத்துக்கும் பங்கு உண்டு

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு வருடத் தடை முடிந்து 2018-ல் திரும்பியபோது, ‘அப்பாக்கள் படை’ என்று ஊரே கேலி செய்தது. வாட்சன், ராயுடு, பிராவோ, தாஹிர் என்று முப்பதைத் தாண்டிய கூட்டம் கோப்பையோடு திரும்பியது. 2021, 2023-லும் அனுபவசாலிகளை நம்பியே ஜெயித்தார்கள். மூன்று முறை பலித்த மருந்தை நான்காவது முறை மாற்ற யாருக்கு மனம் வரும்?

அந்த மருந்தை விரும்பியதில் ரசிகருக்கும் பங்கு இருக்கிறது. தான் மேலே ஆடினால், தன் விக்கெட் எப்போது விழும் என்று கூட்டம் காத்திருக்கும் என 2023-ல் ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் காது கிழிய ஆரவாரம் செய்யும் கூட்டம் உலகில் வேறு எங்கே உண்டு? 43 வயதுக்காரரை இன்னும் ஒரு சீசன் ஆட வைக்கலாமா என்ற கேள்விக்கு, அந்த ஆரவாரம்தானே பதிலாகப் போய்ச் சேர்ந்திருக்கும்?

அமெரிக்காவில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, 1919 முடிவில் பேப் ரூத் என்ற தன் நட்சத்திரத்தை நியூயார்க் அணிக்கு விற்றது. 1918-க்குப் பிறகு 2004 வரை அதற்குச் சாம்பியன் பட்டமே கிடைக்கவில்லை. சாபம் என்றே சொல்லிப் புலம்பினார்கள் அந்த ஊர் ரசிகர்கள். அங்கே நட்சத்திரத்தை விட்டதற்குக் கோபம். இங்கே விடாததற்கும் கோபம், விட்டாலும் கோபம்.

அதையும் பார்த்தாகிவிட்டது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது சி.எஸ்.கே. ‘வயசானவங்களை மாத்துங்க’ என்று கத்தியவர்களே, 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தவரை எப்படி அனுப்பலாம் என்று கலங்கினார்கள்.

அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் நிர்வாகம் அடியோடு மாறியது. இந்திய அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மா - ஆளுக்கு 14.20 கோடி. முந்தைய சீசனின் நடுவில் வந்து பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ் ஆகியோரும் கையில் இருக்கிறார்கள். ரசிகர் கேட்ட இளமை வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பையன்களைப் பற்றிய மனக்குறை மட்டும் அப்படியே நிற்கிறது.

இனி சோதனை ரசிகருக்கும்தான். 14 கோடி வாங்கிய பையன் முதல் மூன்று மேட்ச்சில் சொதப்பினால், நான்காவது மேட்ச்சுக்கு அவன் இறங்கும்போது சேப்பாக்கம் கைதட்டுமா, அடுத்து வருபவருக்காக அவன் விக்கெட் விழக் காத்திருக்குமா? ஜெர்சி என்றாலே முதுகில் 7 என்று அச்சடித்து வாங்கிப் பழகிய தாம்பரத்து வீடுகளில், அடுத்த ஜெர்சிக்கு எந்த நம்பர் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பாக்கள்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.