தாங்குபவள் விடுப்பு எடுத்தால்…

“எஸ்.பி.எம். ஆண்டில் சியர்லீடிங் எதற்கு?” அத்தை கேட்டார், டியூஷன் ஆசிரியர் கேட்டார். கால்பந்து ஆடும் அண்ணனை அவனுடைய படிவம் 5இல் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அது வேறு கதை.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்துக்காக மட்டும் என்றால் வாரத்தில் மூன்று மாலை அதிகம்தான்.

“விடவேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்” என்கிறார் அம்மா. மற்ற விளையாட்டில் அது முடியலாம். இங்கே ஒருத்தியைத் தூக்கி நிறுத்தப் பெரும்பாலும் நால்வர் வேண்டும்: மேலே நிற்பவள், இரு பக்கமும் தாங்கும் இருவர், பின்னால் நின்று அவள் தலையையும் கழுத்தையும் காப்பவள். நான் தாங்குபவள். நான் டியூஷனுக்குப் போனால் மற்ற மூவரும் அன்று தூக்கிப் பழக முடியாது. பழகாமல் போட்டிக்குப் போனால் விழப்போவது நானல்ல, என் தோழி.

அதனால் குறைக்கவில்லை, நிறுத்தும் நாளைக் குறித்தேன். “டீச்சர், முன்னோட்டத் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பு நின்றுகொள்கிறேன். அதற்குள் என் இடத்துக்கு ஒருத்தியைப் பழக்கிவிடுகிறேன்” என்றேன். “மாநிலப் போட்டி அதற்குப் பிறகுதானேம்மா?” என்றார். தெரியும். மூன்று ஆண்டுகள் காத்திருந்த போட்டி அது. ஆனால் இயன்மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் உயிரியலும் வேதியியலும் இப்போதுள்ள நிலையில் போதாது.

இப்போது படிவம் 4 தங்கை ஒருத்தி என் இடத்தில் பழகுகிறாள். முழங்காலை மடக்கி எழாமல் முதுகை வளைத்தே தூக்குகிறாள். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.