குழந்தையின் கண்ணில் நீர் வடிகிறதா?

அழுகையின்றியே குழந்தையின் கண்ணில் நீர் ததும்பி நிற்குமாயின் பெற்றவள் மனம் அமைதி கொள்வதில்லை. பிறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். காலையில் விழிக்கும்போது இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டால் வெள்ளை விழி தெளிவாகவே தோன்றும். ஆயினும் சிறிது நேரத்தில் நீர் மீண்டும் கன்னத்தில் வழியும். சொந்த ஊரில் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் வந்து பார்த்து ஆறுதல் கூறுவர். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவை அடுத்தும் கரமனையிலும் குடியிருக்கும் இளந்தம்பதியர்க்கு அத்தகைய துணை எப்போதும் வாய்ப்பதில்லை. ஆகவே, கண்ணீர்க் குழாய் அடைப்பைப் பற்றித் தாய்மார் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கண்ணீர் செல்லும் வழி

கண்ணீர் அழுகைக்கு மட்டும் உரியதன்று. மேலிமைக்குள் வெளிப்புறமாக அமைந்த சுரப்பி ஓயாது நீரைச் சுரந்து கண்ணை நனைத்துக் காக்கின்றது. அந்நீர் இமைகளின் உள்முனையிலுள்ள நுண்துளைகளின் வழியே சென்று, மூக்கின் பக்கத்தே அமைந்த கண்ணீர்ப் பையை அடைந்து, அங்கிருந்து ஒரு குழாய் மூலம் மூக்கினுள் வடிகின்றது. நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனாலேயே.

கருவிலிருக்கும்போது இக்குழாயின் கீழ்வாயை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பிறக்கும் தறுவாயில் அது திறந்துகொள்வது இயல்பு. சில குழந்தைகளுக்கு அது திறவாமல் நின்றுவிடுகின்றது. மடை அடைபட்ட வாய்க்காலின் நீர் கரை மீறி வழிவது போலக் கண்ணீரும் வெளியே வழிகின்றது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுவதால் பீளை தள்ளுகின்றது. சளி பிடித்த நாட்களில் இத்தொல்லை மிகும். தாய் உண்ட உணவோ, பிறர் கண்ணேறோ இதற்குக் காரணமன்று.

பொறுமையும் விரல் நுனியும்

இக்குறையுள்ள 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேருக்கு, முதலாண்டு நிறைவதற்குள் அடைப்பு தானே நீங்கிவிடுகின்றது. அதுவரை செய்யத்தக்க சிகிச்சை தாயின் கையிலேயே இருக்கின்றது. 1923 ஆம் ஆண்டில் கிரிக்ளர் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதி விளக்கிய முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது.

நகத்தை ஒட்ட வெட்டி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். கண்ணின் உள்முனைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட இடத்தில் சுட்டு விரல் நுனியை வைத்துச் சற்றே அழுத்தி, அழுத்தம் விடாமல் மூக்கின் பக்கமாகக் கீழ்நோக்கி நீவ வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை இவ்வாறு செய்யலாம். பால் கொடுக்கும் நேரத்தோடு இதனைச் சேர்த்துக்கொண்டால் மறதி நேராது. தோலை மேலாகத் தடவுவதால் பயனில்லை. பையிலுள்ள நீர் கீழே தள்ளப்பட்டு, அவ்வழுத்தத்தால் சவ்வு திறக்க வேண்டும். முதன்முறை மருத்துவரையோ செவிலியரையோ செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நலம்.

பீளையைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சினால் துடைக்க வேண்டும். ஒருமுறை துடைத்த பஞ்சை மறுமுறை பயன்படுத்தலாகாது.

செய்யத்தகாதவை

இருபத்தெட்டாம் நாளன்று குழந்தைக்குக் கண்மை எழுதுவது மலையாள நாட்டு வழக்கம். நம் இல்லங்களிலும் மையிடும் பழக்கம் உண்டு. ஆயினும் மையும், அதனைத் தீட்டும் விரலும் கிருமிகளைக் கொண்டு சேர்க்கக்கூடும். கடையில் விற்கும் சில மைகளில் ஈயமும் கலந்துள்ளது. நீராட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது அடைப்பைத் திறக்காது. அவ்வெண்ணெய் நுரையீரலை அடைந்து சளிக்காய்ச்சலை உண்டாக்கலாம். வேறொருவருக்கு வாங்கிய சொட்டு மருந்தைக் குழந்தையின் கண்ணில் விடுவதும் கூடாது. சில சொட்டு மருந்துகள் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தவல்லவை.

காத்திருக்கலாகாத கண்கள்

நீர் வடியும் கண்கள் எல்லாம் குழாய் அடைப்புற்றவை அல்ல. "வயது ஏற ஏறச் சரியாகிவிடும்" என்று அயலார் சொல்வதைக் கேட்டு வாளாவிருப்பது சில வேளைகளில் பார்வையையே இழக்கச் செய்யும்.

குழந்தை வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறதா? கருவிழி பெரிதாகவோ, புகை படிந்தது போல மங்கலாகவோ தோன்றுகிறதா? அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். பெரிய கண் அழகென்று உற்றார் மகிழ்ந்திருக்கும் காலத்திலேயே உள்ளிருக்கும் பார்வை நரம்பு அழிந்துகொண்டிருக்கும். விரைந்து அறுவைச் சிகிச்சை செய்தால் பார்வையைக் காக்க இயலும்.

பிறந்த முதல் மாதத்தில் இமை வீங்கிச் சீழ் பெருகுதல், கண்ணின் உள்முனைக்குக் கீழே நீலம் பாய்ந்த கட்டி, அவ்விடம் சிவந்து காய்ச்சல் காணுதல், கண்மணியில் வெண்மை தோன்றுதல் ஆகிய எதனைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவ்வறிகுறிகள் இல்லாத குழந்தையையும் ஒருமுறையேனும் காட்டி, அடைப்புத்தான் என்று உறுதி செய்துகொண்ட பின்னரே நீவிவிட்டுக் காத்திருத்தல் தகும்.

ஓராண்டு கடந்தால்

ஓராண்டுக்குப் பின்னும் நீர் நிற்கவில்லையெனில், மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பியைக் குழாயினுள் செலுத்திச் சவ்வைத் திறப்பர். சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சையில் முகத்தில் கீறல் இல்லை, தையலும் இல்லை. பெரும்பாலோர்க்கு ஒருமுறையே போதும். போதாத சிலருக்கு நுண்ணிய சிலிக்கோன் குழாயைச் சில மாதங்கள் உள்ளே வைத்திருப்பர். அஞ்சி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது நன்றன்று. வயது ஏறினால் எளிய முறை பலன் தருவது குறையக்கூடும்.

நம் நகரில் மக்கள் 'கண்ணாஸ்பத்திரி' என வழங்கும் அரசு வட்டாரக் கண் மருத்துவ நிலையம் ஜெனரல் ஆஸ்பத்திரியை அடுத்துள்ளது. இளமையிலேயே மறைந்த இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாக 1952 இல் தொடங்கப்பெற்ற எஸ்.ஏ.டி. மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தைகளைப் பேணி வருகின்றது. மொழி தெரியாதே என்று புதிதாக வந்தவர் தயங்க வேண்டுவதில்லை. நாம் பீளை என்பதை மலையாளிகள் 'பீள' என்பர். கண்ணீர் அவர்க்கும் 'கண்ணுநீர்' தான். எத்தனை நாளாக வடிகிறது, ஒரு கண்ணிலா இரு கண்களிலுமா, வெளிச்சத்துக்குக் கூசுகிறதா என்னும் மூன்றையும் சொன்னால் மருத்துவர்க்குப் பேருதவியாகும். ஊருக்குச் செல்லும்போது மருத்துவச் சீட்டை உடன் கொண்டு செல்லுங்கள். அங்குள்ள மருத்துவர் முதலிலிருந்து தொடங்க நேராது.

முதலில் ஒருமுறை மருத்துவர் பார்வை, பின்னர் நாள்தோறும் தாயின் விரல், ஓராண்டு முடிவில் மீண்டும் மருத்துவர். இவ்வொழுங்கைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான குழந்தைகளின் கண்ணீர் கத்தியின்றியே நிற்கும். சிகிச்சை வேண்டிய கண்களும் காலத்தில் காக்கப்பெறும்.