ஆண்களுக்கும் வரும் மார்புப் புற்றுநோய்

சகோதரிகளே, மார்புப் புற்றுநோய் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துப் பழகிவிட்டோம். 1996இல் ஆரம்பமான சுவநாரி கிளினிக்கில் நமக்கு மார்பைப் பரிசோதிக்கிறார்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதைச் சொல்லிக் கொடுப்பவர் யார்? ஆண்களின் முலைக்காம்புக்குப் பின்னாலும் கொஞ்சம் மார்புத் திசு இருக்கிறது. மார்புப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண்.

ஒருவர்தானே என்று விடமுடியாது. யாரும் எதிர்பாராத நோய் என்பதால்தான் ஆண்கள் பிந்தி வருகிறார்கள். பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுபவருக்கு நெஞ்சில் கட்டி தட்டுப்பட்டால், மூட்டை அழுத்திய வீக்கம் என்றுதான் நினைப்பார். யுத்தத்தில் காயப்பட்டவர் என்றால் பழைய காயத்தின் மேல் பழியைப் போடுவார். பெரும்பாலும் வலி இராது. வலியில்லாத கட்டிக்காக ஒருநாள் பேரை இழக்க யாருக்கு மனம் வரும்? "பொம்பளை வருத்தம்" என்ற வெட்கம் வேறு.

முலைக்காம்புக்கு அடியில் கடினமான கட்டி, காம்பு உள்ளே இழுபடுதல், ஆறாத புண், அக்குளில் கட்டி, காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் கசிதல் ஆகியவையே அறிகுறிகள். அமெரிக்கப் பாடகி பியோன்சேயின் தந்தை மெத்தியூ நோல்ஸ், தம் சட்டையில் சிறு இரத்தப் பொட்டுகளைக் கண்டார். மனைவி படுக்கை விரிப்பிலும் கண்டார். 2019இல் அவருக்கு மார்புப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பீலியடியில் உடுப்புத் துவைக்கும் நமக்கு இந்தச் செய்தி முக்கியமானது.

நோல்ஸுக்கு பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் அது போகலாம். ஆகவே குடும்பத்தில் ஓர் ஆணுக்கு இந்நோய் வந்திருந்தால், மகள்மாரும் சகோதரிமாரும் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லவேண்டும். குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கசிப்புக்கு எதிராகப் பேச இன்னொரு காரணம்!

வளரும் பையன்களுக்கு மார்பு சற்றுப் பருப்பது சாதாரணம். பெரும்பாலும் அது தானாக வற்றிவிடும். வளர்ந்த ஆணின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் கடினமான கட்டியைத் தாமதிக்காமல் காட்டவேண்டும்.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். நோய் என்றால் சத்திரசிகிச்சை செய்வார்கள். பலருக்கு அதன்பின் டமொக்சிபென் குளிசையை வருடக்கணக்கில் கொடுப்பார்கள். பெண்களுக்குக் கொடுக்கும் அதே குளிசைதான். அவர் தனியே போகக் கூச்சப்பட்டால் நீங்களும் கூடப் போங்கள்.