பெரியப்பா வீட்டு சாட்சி!

உங்க இனிஷியலைக் கொஞ்சம் பாருங்க. அது அப்பா பேரு. அப்பாவோட இனிஷியல், தாத்தா பேரு. தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கிட்டே போகும். ஆனா பசங்க உடம்புல மாறாத ஒரு இனிஷியல் இருக்கு பாஸ்... ஒய் குரோமோசோம்! அப்பாகிட்ட இருந்து மகனுக்கு, அவன்கிட்ட இருந்து அவன் மகனுக்குன்னு கிட்டத்தட்ட அப்படியே ஜெராக்ஸ் ஆகி வரும். (கேர்ள்ஸ், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு இது கிடையாது. அப்பாவையோ அண்ணன் தம்பியையோ தாஜா பண்ணித்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.)

ரிசல்ட் பார்க்க செமஸ்டர் மார்க் ஷீட் மாதிரியே இருக்கும். டி.ஒய்.எஸ். 393க்கு நேரா 13ன்னு இருந்தா, அது மார்க் இல்லை. அந்த இடத்துல ஒரு குட்டி டி.என்.ஏ. துண்டு 13 தடவை அடுத்தடுத்து வருதுன்னு அர்த்தம். ஜெராக்ஸ் எடுக்கும்போது எப்பவாவது ஒண்ணு கூடும், இல்லை குறையும். ரெண்டு பேரோட நம்பர்கள் நிறைய இடங்கள்ல ஒத்துப்போனா, ஆண்வழியில ரெண்டு பேருக்கும் ஒரு பொதுப் பாட்டன் உண்டு. எந்தப் பாட்டன்? அங்கேதான் வழுக்கும்!

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்ஸன். அவர் வீட்டில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவர்தான் அப்பா என்று 1802லேயே பேப்பரில் எழுதிவிட்டார்கள். 'அவர் இல்லை, அவரோட தங்கச்சி பசங்கதான்' என்றது ஜெஃபர்ஸன் குடும்பம்.

1998ல் யூஜின் ஃபாஸ்டர் என்ற ரிட்டயர்டு டாக்டர் ஒய் குரோமோசோமைக் கையில் எடுத்தார். ஒரே சிக்கல், ஜெஃபர்ஸனுக்கு மனைவி வழியில் உயிர் பிழைத்த மகனே இல்லை. அதனால என்ன? அவரோட பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்ஸனின் ஆண்வழி வாரிசுகள் 5 பேரைத் தேடிப் பிடித்தார். அதே குரோமோசோம்தானே! சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வாரிசோடு ஒப்பிட்டால்... அச்சு அசலாகப் பொருந்தியது. ஐரோப்பாவில் ரொம்ப அரிதான வகை என்பதால், 'தற்செயல்'னு தள்ளவும் முடியாது. தங்கச்சி பசங்க வழி? பொருந்தவே இல்லை.

சாலியின் மூத்த மகன் தாமஸ் வுட்ஸன் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த குடும்பத்துக்குத்தான் அடி. 5 வாரிசுகளைச் சோதித்ததில் 4 பேருக்கு ஒரே வகை. ஆனா அது ஜெஃபர்ஸன் வகை இல்லை. ஐந்தாவது நபருக்கு சம்பந்தமே இல்லாத வேறு வகை! அதாவது, அவருக்கு முன்னால் எங்கோ ஒரு தலைமுறையில் சங்கிலி அறுந்திருக்கிறது. வீட்டுப் பெருமைக்காக டெஸ்ட்டுக்குக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது பாருங்க. டெஸ்ட் எடுக்கும் முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

'ஜெஃபர்ஸன்தான் அப்பா' என்று தலைப்பு போட்டது நேச்சர் இதழ். ஆனா டெஸ்ட் சொன்னது 'ஒரு ஜெஃபர்ஸன்' என்றுதான். தம்பி ராண்டால்ஃபுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அதே ஒய்தானே! அந்தத் தலைப்பு தவறாகப் புரிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது என்று ஃபாஸ்டரே 1999ல் ஒப்புக்கொண்டார். ஆளைக் காட்டிக்கொடுத்தது பழைய நோட்டுப் புத்தகங்கள். சாலி கர்ப்பமான ஒவ்வொரு சமயமும் ஜெஃபர்ஸன் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார். இதையும் சேர்த்துப் பார்த்துத்தான், அவர் வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2000ல் 'பெரும்பாலும் அவரே' என்றது.

இன்னொரு விஷயம். ரிசல்ட்ல வர்ற 'ஆர்', 'ஹெச்' எழுத்தை வெச்சு 'நாங்க யார் தெரியும்ல'ன்னு ஹாஸ்டல்ல சீன் போடுற ஆசாமிகளுக்கு... பத்து தலைமுறை மேலே போனால் 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் பேசுவது அதில் ஒரே ஒருத்தரைப் பற்றி. மத்த 1,023 பேர் எங்கே போவாங்க பாவம்?

சாலியின் இன்னொரு மகன் மேடிசன். 'ஜெஃபர்ஸன்தான் என் அப்பா' என்று 1873லேயே சொன்னவர். அவரது ஆண்வழியில் சோதிக்க இன்று யாரும் இல்லை. அவர் மகன் ஒருவரின் கல்லறை மட்டும் கன்சாஸில் இருக்கிறது. தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது மேடிசனின் குடும்பம்.