ஊருக்கு ஓர் அடுப்பு

குளிர் என்பது யாது என்பதை இலங்கையராகிய நாம் நுவரெலியாவுக்குச் சென்றாலன்றி அறியோம். அங்கும் ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு கோப்பை சூடான தேநீரும் அதைப் போக்கப் போதுமானவை. வட ஐரோப்பிய நாடுகளிலோ நிலைமை வேறு. ஐப்பசி பிறந்தது முதல் சித்திரை வரும்வரை, வீட்டினுள் வெப்பமூட்டாமல் அங்கு வாழ்தல் அரிது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் குளிர் நோயாக வருகின்றது. வறியோருக்கு அது கடனாகவும் வருகின்றது. உணவைக் குறைப்பதா, வெப்பத்தைக் குறைப்பதா என்று மாரிகாலத்தில் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் செல்வந்த நாடுகளிலும் உண்டு.

வீட்டுக்கு வீடு தனித்தனிக் கொதிகலன் வைத்து எரிபொருளைச் செலவிடுவதற்குப் பதிலாக, ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் அடுப்பை மூட்டினால் என்ன? குழாய்நீர் வருவது போல வெப்பமும் வீடு தேடி வந்தால் என்ன? டென்மார்க்கில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இக்கேள்வி வியப்பைத் தராது. அந்நாட்டில் மூன்று வீடுகளுக்கு ஏறக்குறைய இரண்டு வீடுகள் இவ்வாறே வெப்பம் பெறுகின்றன. வடகடலுக்கு அப்பால் உள்ள பிரித்தானியாவிலோ அத்தகைய வீடுகள் மிகச் சிலவே. இரு நாடுகளிலும் குளிர் உண்டு. இரண்டிலும் பொறியியலாளரும் உளர். அவ்வாறாயின் இந்த வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று? ஒரு நகரத்தின் மையப் பகுதிக்குப் பொது வெப்பம் வழங்க இயலுமா என்று ஆராய்வோர் எவற்றையெல்லாம் எடைபோடுகின்றனர் என்பதை அறிந்தால், இதற்கு விடை கிடைக்கும்.

பழைய எண்ணமே

பொது வெப்பம் புதிய கனவு அன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லொக்போட் என்னும் ஊரில், பேர்ட்சில் ஹொலி என்ற பொறியியலாளர் 1877ஆம் ஆண்டில் தம் வீட்டில் ஒரு கொதிகலனை அமைத்து, அயல் வீடுகளுக்கு நிலத்தடிக் குழாய் மூலம் நீராவியை அனுப்பினார். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில், 1930இல், இயற்கை வெந்நீர் ஊற்றிலிருந்து சுமார் மூன்று கிலோமீற்றர் தூரத்துக்குக் குழாய் இட்டு, ஒரு பாடசாலைக்கும் வேறு சில கட்டடங்களுக்கும் வெப்பம் வழங்கினர். இன்று அந்நகரம் ஏறக்குறைய முழுவதும் நிலத்தின் சூட்டினாலேயே குளிர்காய்கின்றது.

அமைப்பும் எளியதே. ஓரிடத்தில் நீரைச் சூடாக்குவர். வெப்பம் வெளியேறாதவாறு தடித்த உறையிட்ட குழாயில் அந்நீர் வீதியின் கீழ் ஓடும். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு வெப்பமாற்றி அதன் சூட்டைப் பெற்று, வீட்டு நீருக்குக் கைமாற்றும். பெற்ற வெப்பத்தை ஒரு மானி அளந்து காட்டும். ஆறிய நீர் மற்றொரு குழாய் வழியே புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் செல்லும்.

கருவி எளியதாயினும் கணக்கு எளியதன்று. வீதிகளைத் தோண்டிக் குழாய் புதைக்கும் பெருஞ்செலவை முதலிலேயே செய்தாக வேண்டும். வருமானமோ பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகவே வந்து சேரும். ஆதலின் தவறான மதிப்பீட்டின் சுமையை ஒரு தலைமுறை முழுவதும் தாங்க நேரிடும்.

ஒரே கிணறு, இரண்டு தீர்ப்புகள்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுக நகரமாகிய சவுதாம்ப்டனின் கதை இதற்குத் தக்க சான்று. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது, நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்த இயலுமா என்று அறிய பிரித்தானிய அரசாங்கம் முற்பட்டது. அம்முயற்சியின் ஓர் அங்கமாக, 1981இல் இந்நகரின் மையத்துக்கு அருகே ஆழ்கிணறு ஒன்று துளையிடப்பட்டது. ஏறக்குறைய 1,800 மீற்றர் ஆழத்தில், மணற்பாறையிடையே, சுமார் 76 பாகை செல்சியஸ் சூடான நீர் கிடைத்தது. கடல்நீரிலும் மூன்று மடங்குக்கு மேல் உப்புச் செறிந்த நீர் அது.

எனினும் சோதனையின்போது நிலத்தடித் தேக்கம் எதிர்பார்த்ததிலும் சிறியது எனத் தெரியவந்தது. இதனால் பெரும்பயன் விளையாது என்று முடிவு செய்த மத்திய அரசாங்கம் கிணற்றைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்பில் பிழை கூற இடமில்லை. நாட்டின் எரிபொருள் தேவையை மனத்திற் கொண்டு பார்த்தால் அக்கிணறு சிறியதே.

ஆனால் சவுதாம்ப்டன் மாநகரசபை அதே கிணற்றை வேறு கண்கொண்டு நோக்கியது. கிணற்றின் அருகே என்னென்ன கட்டடங்கள் நிற்கின்றன என்று அது எண்ணிப் பார்த்தது. மாநகரசபையின் பெருமண்டபம் உண்டு; அலுவலகங்கள் உண்டு; வருங்காலத்தில் கட்டடங்கள் எழக்கூடிய வெற்று நிலங்களும் உண்டு. பொது வெப்பத் தொழிலிற் பழகிய ஒரு நிறுவனத்துடன் மாநகரசபை கூட்டுச் சேர்ந்தது. 1986இல் முதல் வாடிக்கையாளராகத் தன் பெருமண்டபத்தையே இணைத்துக்கொண்டது. பின்னர் மருத்துவமனை, பல்கலைக்கழகம், விடுதி, நீச்சற்குளம், 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய கடைத்தொகுதி என்று ஒவ்வொன்றாக இணைந்தன. குழாயின் நீளம் பத்துக் கிலோமீற்றரையும் கடந்தது. அந்த வளர்ச்சியில் கிணறு தந்த வெப்பம் சிறு பங்காகவே அமைந்தது. பெரும்பகுதியை வாயுவில் ஓடும் மின்பிறப்பாக்கிகளின் கழிவு வெப்பம் தந்தது. கிணறு தொடங்கிவைத்ததை அயலிலிருந்த கட்டடங்களே நிலைநிறுத்தின.

எடைபோட வேண்டியவை

இதிலிருந்து முதற் பாடம் தெளிவாகின்றது. வெப்பம் எங்கே இருக்கின்றது என்பதிலும், அதை வாங்குவோர் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனர் என்பதே பெரிது. நூறு மீற்றர் நீளமான இரு வீதிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில், வளவோடு கூடிய பத்து வீடுகள். மற்றொன்றில், நூறு குடும்பங்கள் வாழும் மாடிவீடுகள். குழாய் புதைக்கும் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் வீதியில் ஒவ்வொரு வீடும் பத்து மீற்றர்க் குழாயின் செலவைச் சுமக்கும். இரண்டாவதில் ஒரு குடும்பத்தின் பங்கு ஒரே மீற்றர். வழியில் வீணாகும் வெப்பமும் குழாயின் நீளத்தைப் பொறுத்ததே. ஆதலினால் இத்திட்டங்கள் நகர மையத்துக்குப் பொருந்துவது போல, பரந்து கிடக்கும் புறநகருக்குப் பொருந்துவதில்லை.

இரண்டாவது, வாங்குவோரின் வகை. அலுவலகங்களுக்குப் பகலில் வெப்பம் வேண்டும். வீடுகளுக்குக் காலையிலும் மாலையிலும் வேண்டும். மருத்துவமனைக்கும் நீச்சற்குளத்துக்கும் ஆண்டு முழுவதும் வேண்டும். எல்லோருடைய உச்சத்தேவையும் ஒரே நேரத்தில் வராமையால், பொது அடுப்பு தனித்தனி அடுப்புகளின் கூட்டுத்தொகை அளவுக்குப் பெரிதாயிருக்க வேண்டியதில்லை. மருத்துவமனை போன்ற நிலையான வாடிக்கையாளர் நங்கூரம் போன்றவர். அவர் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரே கடன் கொடுப்போரும் முன்வருவர்.

மூன்றாவது, வெப்பத்தின் ஊற்று. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு: ஊற்று மாறலாம், குழாய் நிலைக்கும். இலண்டனில் தேம்ஸ் நதியின் வடகரையிலுள்ள பிம்லிக்கோவில், தென்கரை பற்றர்சீ மின்னிலையத்தின் கழிவு வெப்பத்தை நதியின் கீழாகக் கொண்டுவந்து, 1950 முதல் மாடிவீடுகளுக்கு வழங்கினர். வெந்நீரைச் சேமிக்க 41 மீற்றர் உயரமான கண்ணாடிக் கோபுரம் ஒன்றும் எழுப்பினர். 1983இல் மின்னிலையம் மூடப்பட்டது. ஆயினும் வீடுகள் குளிரில் வாடவில்லை. வேறு கொதிகலன்கள் அதன் இடத்தை நிரப்பின. வடஇங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரிலோ, கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய நீரின் மிதமான சூட்டை வெப்பப் பம்பியால் உயர்த்தி, 2023 முதல் பொது வெப்பத்துக்குப் பயன்படுத்துகின்றனர். நிலக்கரியும் வாயுவும் எரிப்பதைக் குறைக்க வேண்டிய இக்காலத்தில், நூறு வீடுகளின் கொதிகலன்களை மாற்றுவதினும் ஓர் அடுப்பை மாற்றுதல் எளிது.

இறுதிக் கேள்வி

இம்மூன்றும் பொறியியலாளர் அளந்து சொல்லக்கூடியவை. நான்காவதை அவர்தம் அளவுகோல் அளக்காது. குழாயில் இணைந்த குடும்பம், அதிருப்தி உண்டானால் வேறொருவரிடம் சென்று வெப்பம் வாங்க இயலாது. விற்பவர் ஒருவரே. எனவே விலையை நிர்ணயிப்பவர் யார், அவரைக் கண்காணிப்பவர் யார் என்பதே குடியிருப்பவரின் கேள்வி.

2022இல் வாயு விலை பன்மடங்கு ஏறியபோது இக்கேள்வியின் கூர்மை பிரித்தானியாவில் உணரப்பட்டது. தனி வீடுகளுக்கான வாயுக் கட்டணத்துக்கு விதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு, பொது வெப்பத்தில் இணைந்திருந்தோருக்குப் பொருந்தவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு தமக்கு இல்லை என்பதைச் சிலர் கட்டணச் சீட்டு கைக்கு வந்த பின்னரே அறிந்தனர். 2023ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டமே இத்துறையை ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் கொண்டுவர வழிவகுத்தது.

டென்மார்க்கோ இக்கேள்விக்கு முன்னரே விடை கண்டிருந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பெரிதும் அடிபட்ட அந்நாடு, 1979இல் வெப்ப வழங்கற் சட்டத்தை இயற்றியது. எப்பகுதிக்கு எவ்வகை வெப்பம் என்று திட்டமிடும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பொது வெப்பம் விற்போர் அடக்கச் செலவுக்கு ஏற்பவே கட்டணம் பெறலாம் என்ற விதியும் அங்கு வேரூன்றியது. பல ஊர்களில் வெப்ப நிலையம் நுகர்வோரின் கூட்டுறவுச் சொத்தாகவே உள்ளது. தமது சொத்து என்ற எண்ணம் இருந்தமையால் மக்கள் விரும்பி இணைந்தனர். பலர் இணைந்தமையால் தலைக்கு வரும் செலவு குறைந்தது. இரு நாடுகளின் வேற்றுமைக்கு முதன்மையான காரணம் இதுவே.

வெளிநாடுகளில் வாழும் நம் உறவினரிடம் இத்தகைய இணைப்புக்கு ஒப்பம் கேட்கப்படுமாயின், அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. வீட்டுக்குத் தனி மானி உண்டா? வெப்பத்தைப் பயன்படுத்தாத மாதத்திலும் செலுத்த வேண்டிய நிலைக்கட்டணம் எவ்வளவு? விலை எந்த விதிப்படி ஏறும்? பழுது ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்தில் திருத்துவர்? முறையீட்டை யாரிடம் கொண்டுசெல்வது?

திட்டத்தை ஆராய்வோரும் இக்கேள்விகளைத் தம் அறிக்கையின் இறுதிப் பக்கத்துக்கு ஒதுக்காமல், முதற் பக்கத்திலேயே வைத்தல் வேண்டும். பலர் கூடிக் குளிர்காயும் அடுப்பில் விறகுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான், அந்த நெருப்பு நெடுநாள் அணையாது நிற்கும்.